மூணு வாரத்துக்கு ஒரு உணவகம்: கட்டும்போதே பிரிப்பதையும் யோசித்தவர்கள்

பாப்-அப் ரெஸ்டாரன்ட் பத்தி இன்ஸ்டாவில் நீங்க கண்டிப்பா ஒரு ரீல்ஸாவது பார்த்திருப்பீங்க. சில நாளோ சில வாரமோ மட்டும் திறந்திருந்துட்டு, அப்புறம் மூட்டை கட்டிட்டுக் கிளம்பிடும் உணவகம் அது. பெரும்பாலும் சாப்பாட்டுக்கடை வரும்னு யாரும் எதிர்பார்க்காத இடத்துலதான் போடுவாங்க. பழைய தொழிற்சாலை, மியூசியம், மொட்டை மாடின்னு எங்க வேணும்னாலும் இருக்கலாம். அங்க என்ன சாப்பிடலாம், எந்த மூலையில நின்னா போட்டோ நல்லா வரும்னு சொல்றதுக்கு நிறைய பேர் இருக்காங்க. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு வேற ரெண்டு கேள்வி வரணும். அந்த இடத்துல அது எப்படி நின்னுச்சு? முடிஞ்சதும் அந்தச் சாமானெல்லாம் எங்க போச்சு?

இந்த ரெண்டு கேள்விக்கும் நல்ல பதில் தர்ற ஒரு உணவகம் 2010 ஜூன் மாதம் லண்டனில் இருந்தது. பேரு 'ஸ்டூடியோ ஈஸ்ட் டைனிங்'. ஆயுசு மூணே வாரம். இருந்த இடம், வேலை நடந்துக்கிட்டிருந்த ஒரு கட்டுமான சைட்டோட உச்சி.

இடமும் ஆட்களும்

2012 ஒலிம்பிக்ஸுக்காக லண்டனோட கிழக்குப் பகுதியான ஸ்ட்ராட்ஃபோர்டில் பெரிய அளவில் வேலை நடந்துக்கிட்டிருந்த நேரம் அது. மைதானம், நீச்சல் அரங்கம், சைக்கிள் ஓட்டும் அரங்கம் எல்லாம் ஒரே நேரத்துல எழும்பிக்கிட்டிருந்தது. அதை ஒட்டியே 'வெஸ்ட்ஃபீல்ட்' நிறுவனம் ஒரு பிரம்மாண்டமான மாலைக் கட்டிக்கிட்டிருந்தது. அந்த மால் திறந்தது 2011 செப்டம்பரில். அதுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல முன்னாடி, மாலோட பல அடுக்கு கார் பார்க்கிங்கின் மேல்தளத்தில், தரையிலிருந்து சுமார் 35 மீட்டர் உயரத்துல, 140 பேர் உட்கார்ந்து சாப்பிடுற மாதிரி ஒரு உணவகம் வந்தது.

வடிவமைச்சது 'கார்மடி க்ரோர்க்' என்ற கட்டடக்கலை நிறுவனம். சாப்பாட்டுப் பொறுப்பு, கிழக்கு லண்டனைச் சேர்ந்த 'பிஸ்ட்ரோடெக்' உணவகத்துக்காரங்களோடது. இவங்களுக்கு இது புதுசு இல்ல. 2006 டிசம்பர்ல ஒரு பழைய மதுபான ஆலை வளாகத்துல 'தி ரெயின்டீர்' என்று ஒண்ணு போட்டாங்க. 2008 குளிர்காலத்துல ராயல் அகாடமி கலைக்கூடத்துக்குள்ள 'ஃப்ளாஷ்' என்று இன்னொண்ணு. அதுல சுவருக்குப் பயன்படுத்தினது என்ன தெரியுமா? ஓவியங்களைப் பொதிஞ்சு வைக்கிற மாதிரி மரப்பெட்டிகள். கலைக்கூடத்துல இயல்பா இருக்கக்கூடிய ஒரு பொருளையே சுவராக்கிட்டாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஸ்ட்ராட்ஃபோர்டிலும் இதே யோசனைதான், ஆனா இன்னும் பெரிய அளவில்.

சைட்டில் கிடந்த சாமானே உணவகம்

ஒரு கட்டுமான சைட்ல எப்பவும் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கிறது எது? சாரம் கட்டுற குழாயும் பலகையும். ஸ்டூடியோ ஈஸ்ட் டைனிங் முழுக்க அதுலதான் கட்டப்பட்டது. சுமார் 3,500 சாரக் குழாய்கள், 2,000 சாரப் பலகைகள், மேல போர்த்த ஒளி ஊடுருவுற பாலிதீன் உறை. குழாயும் பலகையும் அந்த சைட்டிலிருந்தே இரவல் வாங்கினது. மூணு வாரம் முடிஞ்சதும் திரும்பவும் சாரம் கட்டப் போயிடும். பாலிதீன் உறை, சூடு காட்டினா சுருங்கி இறுக்கமா ஒட்டிக்கிற வகை. அதை மறுசுழற்சிக்கு அனுப்பலாம்.

உள்ளே சுவரும் தரையும் பலகை. ஒரே பெரிய ஹாலா இல்லாம, நீள நீளமான கூடங்கள் நடுவுல சேர்ந்து, வெளிப்பக்கம் விரல் மாதிரி பிரியும். விரல் முனைகள் பார்த்தது எதிர்ல எழும்பிக்கிட்டிருந்த ஒலிம்பிக் பூங்காவை. சாப்பிட வந்தவங்களுக்குக் காட்சி, பாதி முடிஞ்ச கட்டடங்கள்.

சாரக் குழாய் ஏன் இதுக்கு இவ்வளவு தோதா இருக்கு? முதல் காரணம், அது தரப்படுத்தப்பட்ட பொருள். குழாயின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். பிரிட்டன் சாரப் பலகையின் வழக்கமான அகலம் 225 மில்லிமீட்டர். எந்தக் குழாயும் எந்தக் கிளாம்புக்குள்ளும் உட்காரும். ரெண்டாவது, இணைப்புக்கு வெல்டிங் வேண்டாம், துளை போட வேண்டாம். ஸ்பேனரால முடுக்கினா நிக்கும், தளர்த்தினா பிரியும். பிரிச்ச குழாய் புதுக் குழாய் மாதிரியே இருக்கும்.

நம்ம ஊர்ப் பந்தல்காரரும் இதைத்தானே செய்யறார்? சவுக்குக் கம்பை நட்டு, கயிறு கட்டி, கல்யாணம் முடிஞ்ச மறுநாள் அவிழ்த்து, அதே கம்பை அடுத்த தெரு விசேஷத்துக்குக் கொண்டுபோறார். கம்பை அவர் அநாவசியமா வெட்ட மாட்டார். வெட்டினா அடுத்த பந்தலுக்கு அது நீளம் பத்தாது.

70 டன்: கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

இந்த உணவகத்தோட எடை சுமார் 70 டன், பரப்பு சுமார் 800 சதுர மீட்டர்னு பதிவாகி இருக்கு. எண்ணைப் பார்த்தவுடனே நம்பாம, தோராயமா ஒரு தடவை சரிபார்ப்போம். 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுச் சாரக் குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் 4.4 கிலோ. சராசரி நீளம் 3 மீட்டர்னு வெச்சா 3,500 குழாய் 46 டன். 3.9 மீட்டர் நீளமுள்ள ஒரு பலகை சுமார் 16 அல்லது 17 கிலோ, 2,000 பலகை 33 டன். மொத்தம் 79 டன். நீளமெல்லாம் நம்ம ஊகம்தான், இருந்தாலும் 70-க்குப் பக்கத்துல வந்துடுச்சு. எண் நம்பும்படியா இருக்கு.

இனி முக்கியமான கேள்வி. கார் பார்க்கிங் தளம் இதைத் தாங்குமா? 70 டன்னை 800 சதுர மீட்டரால வகுத்தா சதுர மீட்டருக்கு 87.5 கிலோ. கார் பார்க்கிங் தளங்களுக்கு வழக்கமா எடுத்துக்கிற சுமை சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 255 கிலோ. நம்ம ஐஎஸ் 875 விதிநூல்லயும் சின்ன வண்டிகளுக்கு இதே அளவுதான். 140 பேர் எடை 10 டன், மேசை நாற்காலி சமையல் சாமானுக்கு இன்னொரு 10 டன் சேர்த்தாலும் சதுர மீட்டருக்கு 113 கிலோவைத் தாண்டல. "ஜாலி, பாதிகூட வரல"ன்னு நோட்டை மூடிடாதீங்க.

இங்கதான் ரெண்டு சிக்கல். முதலாவது, நாம போட்டது சராசரி. ஆட்கள் சராசரியா நிக்க மாட்டாங்க. எதிர்ல ஏதாவது வேடிக்கை நடந்தா எல்லாரும் ஒரே ஜன்னலுக்குப் போவாங்க. அதனால விதிநூல்கள் உணவகத்துக்குச் சதுர மீட்டருக்குக் குறைஞ்சது 2 கிலோநியூட்டன் அளவுல கூட்டச் சுமை எடுக்கச் சொல்லுது. சுமார் 204 கிலோ. அதோட 87.5-ஐக் கூட்டினா 291. இப்ப 255-ஐத் தாண்டிடுச்சு! ரெண்டாவது, சுமை பரவலா இறங்காது. ஒவ்வொரு குழாயும் 48 மில்லிமீட்டர் வட்டம் வழியாத்தான் தளத்தைத் தொடும். அதனாலதான் சாரக்காரங்க குழாய்க்கு அடியில இரும்புத் தகடும் பலகையும் வைக்கிறாங்க.

உண்மையான திட்டத்துல அவங்களோட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கள் முறையான கணக்கு போட்டிருப்பாங்க. நாம போட்டது பேப்பர் ஓரத்துக் கணக்கு. ஆனா இந்த மாதிரி வேலையில எதைத் தேடணும்னு அது சொல்லிடுது. கீழே தூணும் பீமும் எங்க இருக்குன்னு பார்த்து, கனமான சுமையை அதுக்கு மேல இறக்கணும். அந்தத் தளத்தோட அசல் டிசைன் கணக்கை வாங்கிப் பார்க்கணும். ஒவ்வொரு கிளாம்பும் எவ்வளவு தாங்கும்னு பார்க்கணும். சாதாரண செங்கோணக் கிளாம்பு வழுக்காம தாங்குற அனுமதிச் சுமை சுமார் 6 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 600 கிலோதான்.

எடையை விட காற்றுக்குப் பயப்படணும்

35 மீட்டர் உயரத்துல மறைப்பு எதுவும் இல்ல. பாலிதீன் போர்த்திய உடனே அந்தச் சாரம் ஒரு பாய்மரம் ஆயிடும். காற்றழுத்தத்துக்கு நம்ம விதிநூல்ல இருக்கிற எளிய சூத்திரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்: 0.6 × வேகத்தின் இருமடி. வேகம் நொடிக்கு மீட்டர்ல, விடை சதுர மீட்டருக்கு நியூட்டன்ல. கூரை முழுக்க இதே அளவு மேல்நோக்கி உறிஞ்சுதுன்னு வெச்சுக்குவோம்.

நொடிக்கு 30 மீட்டர் காத்துக்கு 540 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 55 கிலோ தூக்குவிசை. நம்ம உணவகத்தோட எடை 87.5 கிலோ. நிக்கும். நொடிக்கு 38 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 137 கி.மீ. வேகத்துல தூக்குவிசை 88 கிலோ. எடையும் தூக்குவிசையும் சரிக்குச் சரி. போன பகுதியில நமக்குத் தொந்தரவா தெரிஞ்ச அந்த 70 டன், இங்க காப்பாத்துற ஆள் ஆயிடுச்சு பாருங்க. இன்னும் லேசான சாமான்ல கட்டியிருந்தா, கூடுதலா கட்டி இறுக்கவும் எடை வைக்கவும் வேண்டியிருந்திருக்கும்.

இதே டிசைனை அப்படியே சென்னை மொட்டை மாடிக்குக் கொண்டுவர முடியுமா? ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். சூத்திரத்துல போட்டா 1,500 நியூட்டன், அதாவது சுமார் 153 கிலோ. தற்காலிகக் கட்டுமானத்துக்கு ஆயுசு குறைவுங்கறதால வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்னு அதே விதிநூல் சலுகை தருது. ஆனா உயரத்துக்காக அது கூட்டவும் சொல்லுது. "மூணு நாள்தானே, காத்தா வரப்போகுது"ன்னு முழுசா விட்டுடலாம்னு எங்கயும் சொல்லல.

அப்படி விட்டா என்ன ஆகும்? அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துல 2011 ஆகஸ்ட் 13 அன்னைக்கு மாநிலத் திருவிழாவில் ஒரு பாட்டுக் கச்சேரி. புயல் நெருங்குற நேரம், மணிக்குச் சுமார் 95 கி.மீ. வேகத்துல காத்து வீசினதுல தற்காலிக மேடையோட கூரை அப்படியே கூட்டத்து மேல சரிஞ்சது. 7 பேர் இறந்தாங்க. கூரையைப் பிடிச்சு நிறுத்தின இழுகம்பிகளைச் சாலையோரம் வைக்கிற கான்கிரீட் தடுப்புக் கட்டைகள்ல கட்டியிருந்தாங்க. விசாரணையில தெரிஞ்சது, அந்தக் கட்டைகள் இழுவைக்குத் தாங்காம வழுக்கி நகர்ந்துடுச்சு என்பதுதான். நொடிக்கு 26 மீட்டர் காத்துதான் அது. கம்பி, குழாய் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எல்லாரும் பார்ப்பாங்க. கட்டை தரையில எவ்வளவு உராய்வோட உட்கார்ந்திருக்குன்னு யார் பார்க்கிறது? தற்காலிகக் கட்டுமானத்துல ஆபத்து பெரும்பாலும் அந்த மாதிரி மூலையிலதான் ஒளிஞ்சிருக்கு.

காத்து தவிர, சாப்பாட்டுக்கடைக்கே உரிய தலைவலிகளும் உண்டு. 35 மீட்டர் மேல தண்ணி ஏத்த, உயரத்துக்கு மட்டுமே சுமார் 3.4 பார் அழுத்தம் வேணும். கழிவுநீர் கீழ இறங்கணும். அடுப்புக்குப் பக்கத்துல பலகையும் பாலிதீனும் இருக்கு, அதனால தீப்பிடிக்காத தரம் கட்டாயம். 140 பேரும் பணியாளர்களும் ஒரே நேரத்துல இறங்கப் படிக்கட்டு வேணும். மூணு வாரக் கடைங்கறதால தீ மெதுவா எரியப் போறதில்ல.

வேற வழியில கட்டினவங்க

ஒரு பிரச்சனைக்கு ஒரே விடை இல்லைங்கறதுக்கு இன்னும் ரெண்டு உதாரணம்.

2009-ல் பாரிஸின் 'பாலே த டோக்கியோ' கலைக்கூடத்தோட கூரையில 'நோமியா' என்று ஒரு கண்ணாடி உணவகம் வந்தது. ஒரு வேளைக்கு 12 பேர் மட்டும். வடிவமைச்சவர் லொரான் க்ராசோ என்ற கலைஞர். 18 மீட்டர் நீளமுள்ள அந்தக் கூடத்தை ஷெர்பூர் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்துல ரெண்டு துண்டா செஞ்சு, பாரிஸ் கொண்டுவந்து கிரேன்ல ஏத்தினாங்க. சைட்ல வேலை குறைவு, தொழிற்சாலைத் தரம். ஆனா போக்குவரத்தும் கிரேனும் பெரிய செலவு.

'டின்னர் இன் தி ஸ்கை' 2006-ல் பெல்ஜியத்தில் ஆரம்பிச்சது. இதுல கட்டடமே இல்ல. 22 பேர் உட்கார்ற மேசையை, நடுவுல சமையல்காரர்களோட சேர்த்து, கிரேன் சுமார் 50 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிடும். ரேஸ் கார் மாதிரி பெல்ட் போட்டு உட்காரணும். எல்லாக் கணக்கும் கிரேனோட நிலைத்தன்மையிலயும் காத்து வேக வரம்பிலயும் போய் நிக்குது. காத்து அதிகமானா தூக்காம இருக்கலாம். ஸ்டூடியோ ஈஸ்டுக்கு அந்த வசதி கிடையாது. ராத்திரி ஆள் இல்லாதபோதும் அது அங்கதான் நிக்கணும்.

பிரிக்கிற கணக்கு

இப்ப நம்ம ரெண்டாவது கேள்விக்கு வருவோம். ஸ்டூடியோ ஈஸ்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியா பார்த்தவங்க கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டடங்களும் பாதி தற்காலிகம்தான். ஒலிம்பிக் மைதானத்தோட 80,000 இருக்கைகளில் நிரந்தரமா வடிவமைச்சது 25,000. மீதி 55,000 பேருக்கான மேலடுக்கு, போட்டிக்கு அப்புறம் கழற்றலாம்னு திட்டம். நீச்சல் அரங்கத்துல 17,500 பேருக்கு இடம், ரெண்டு பக்க இறக்கைகளையும் கழற்றினா 2,500. கூடைப்பந்து அரங்கம் முழுசாவே தற்காலிகம்.

நீச்சல் அரங்கத்தோட இறக்கைகள் சொன்னபடி கழன்றது. கூடைப்பந்து அரங்கமும் பிரிக்கப்பட்டது. மைதானம் மட்டும் மாறிப்போச்சு. சின்ன தடகள மைதானமா ஆக்குற திட்டத்தைக் கைவிட்டு, பெரிய கால்பந்து மைதானமா மாத்தினாங்க. 2016-ல் வெஸ்ட் ஹாம் அணி குடியேறியது. அதுக்குப் பழைய கூரையைக் கழற்றிப் பெரிய கூரை, நகரும் இருக்கைகள் எல்லாம் போட வேண்டி வந்தது. மாற்றும் செலவு மட்டும் 30 கோடி பவுண்டுக்கு மேல. கழற்றுறதுக்குன்னு வடிவமைச்சதைக் கழற்றாம வேற வேலைக்கு வளைச்சா என்ன விலைன்னு அது காட்டிடுச்சு. சின்ன உணவகம் தப்பிச்சதுக்குக் காரணம், அதோட முடிவு தேதியை யாரும் மாத்தல.

அதுக்காக ஸ்டூடியோ ஈஸ்டைக் கோவில் கட்டிக் கும்பிட வேண்டாம். அது ஒரு மாலுக்கான விளம்பரம். பணம் கொடுத்தது வெஸ்ட்ஃபீல்ட். மறுபயன்பாடுங்கறதுக்கும் எல்லை உண்டு. குழாய் அப்படியே திரும்பிப் போகும். வெட்டின பலகை அவ்வளவு சுலபமா சாரத்துக்குத் திரும்பாது. ஒரு தடவை சுருங்கின பாலிதீன் மறுபடி உறையாகாது, உருக்கித்தான் ஆகணும். "இரவல் சாமான்"னு யாராவது பெருமையா சொன்னா, எத்தனை சதவீதம் எந்த நிலையில திரும்பிச்சுன்னு கேளுங்க.

உங்க கைக்கு வரும்போது

சிம்போசியம் மேடை, கல்ச்சுரல்ஸ் உணவு ஸ்டால், மினி புராஜெக்ட் மாடல்னு ஏதோ ஒரு தற்காலிகக் கட்டுமானம் இந்த நாலு வருஷத்துல உங்க பொறுப்புக்கு வரும். அப்ப இந்த நாலையும் பேப்பர்ல எழுதிப் பாருங்க:

1. சுற்றி ஏற்கெனவே என்ன சாமான் கிடக்கு? முதல்ல அதை எண்ணுங்க, அப்புறம் வரைங்க.
2. கீழே இருக்கிற தளம் எதுக்காகக் கட்டினது? அதோட அனுமதிச் சுமை யாருக்குத் தெரியும்? பதில் கிடைக்காம மேல ஏறாதீங்க.
3. காத்து எந்தப் பக்கம் தூக்கும்? அதைப் பிடிச்சு நிறுத்துறது எது, அது எதுல கட்டியிருக்கு? மேடையில பேனரும் ஷாமியானாவும் கட்டின உடனே இந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்க. எத்தனை மேல காத்து வீசினா ஆட்களை இறக்கணும்னு முன்னாடியே ஒரு எண் முடிவு பண்ணி, சொல்ற அதிகாரத்தை ஒருத்தர்கிட்ட கொடுங்க.
4. பிரிக்கிறது யார், எத்தனை மணி நேரம், ஒவ்வொரு பொருளும் எங்க போகும்? இந்தப் பட்டியல் கட்டுற பட்டியல் அளவுக்கு நீளமா இல்லேன்னா, உங்க டிசைன் இன்னும் முடியல.

நிரந்தரக் கட்டடம்னா தப்பு வெளியில தெரிய வருஷக்கணக்கா ஆகலாம். தற்காலிகக் கட்டுமானத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. முதல் ராத்திரி அடிக்கிற காத்தே எக்ஸ்டர்னல் எக்ஸாமினர். வைவாவுக்குத் தயாரா இருங்க.